இது நிஜமா அக்கா?

காலையில் காபி டம்ளரைக் கையில் எடுக்கும்போதே போன் ஒருமுறை உதறும். எங்கள் அடுக்ககத்தில் மூன்றாம் மாடிப் பெண் அனுப்பியிருப்பாள். "இது நிஜமா அக்கா?" கூடவே ஒரு படம். பட்டுப்புடவை பாதி விலைக்கு, இன்று மட்டும். அதற்குப் பதில் போட்டு நிமிர்ந்தால் முதல் மாடிப் பெரியவர். கரண்ட் பில் கட்டவில்லையாம், சாயங்காலத்துக்குள் இணைப்பைத் துண்டிப்பார்களாம், இந்த எண்ணுக்கு உடனே பேச வேண்டுமாம். "இது நிஜமாம்மா?" பில் கட்டிய ரசீதை முந்தாநாள் லிஃப்டில் என்னிடம் காட்டியவரே அவர்தான்.

நிஜமில்லை. இதையே எழுதி எழுதி அலுத்துவிட்டது. 'நி' என்று தட்டினால் போதும், மீதியைப் போனே போட்டுக்கொள்கிறது. வீடியோவுக்கு லைக் போட்டால் தினமும் காசு என்று ஒன்று. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதை மருந்து இருக்கிறது, கேமராவை அணைக்காமல் அப்படியே உட்காருங்கள் என்று ஒன்று. இதைக் கேட்கிறவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். உட்கார்ந்து யோசித்தால் ஒரு நிமிடத்தில் அவர்களுக்கே விளங்கும். அந்த ஒரு நிமிடத்துக்கும் என்னை வைத்திருக்கிறார்கள்.

நான் அப்படியொன்றும் படித்துக் கிழித்தவள் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வால்வு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். வந்த சரக்கை எண்ணி, சலானோடு ஒத்துப்பார்த்து, அப்புறம்தான் கையெழுத்து. டிரைவர் அவசரப்படுத்தினால் இன்னும் மெதுவாக எண்ணுவேன், அது என் குணம். ஏமாற்று வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நாங்கள் ஏமாந்த வகையில் தெரிந்துகொண்டது.

கல்யாணமானது முதல் என் வீட்டுக்காரர் ரிடையர் ஆகும்வரை ஆவடி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தோம். அங்கே கடையில் போய்ப் புதுச் சாமான் வாங்குகிறவர்கள் குறைவு. யாருக்காவது மாற்றல் வரும், யாராவது ரிடையர் ஆவார்கள். ஆர்டர் கைக்கு வந்த அன்றே அவர்கள் வீட்டுக்குப் போய் "பீரோ எனக்கு", "கிரைண்டர் எனக்கு" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். அவர்கள் சொன்னதுதான் விலை, பேரம் பேசினால் அசிங்கம். பணத்தை அன்றே கொடுத்துவிடுவோம். சாமானை லாரி வருகிற நாளில்தான் எடுப்போம். அதுவரை அவர்கள் அந்த கிரைண்டரில்தானே மாவாட்ட வேண்டும்? ஒரு மாதம்கூட ஆகும். நடுவில் போய் எட்டிப்பார்க்கிற வழக்கம் கிடையாது. எனக்குத் தெரிந்து யாரும் யாரையும் ஏமாற்றியதும் கிடையாது.

கம்பெனியில் எண்ணாமல் ஒரு வாஷரைக்கூட உள்ளே விடாத நான், வீட்டில் இந்த வழக்கத்தோடுதான் குடித்தனம் நடத்தினேன். எங்கள் வீட்டில் பாதிச் சாமான் அப்படி வந்ததுதான். ஒன்றே ஒன்றில் மட்டும் பிடிவாதம். ஓசியில் எதுவும் உள்ளே வரக்கூடாது. போகிறவர்கள் "இத வெச்சிக்கம்மா" என்று ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கொடுத்தாலும் காசு கொடுத்துவிட்டுத்தான் எடுப்பேன். நாளைக்கு ஒருத்தர் என்னைச் சொல்லிக்காட்டக் கூடாது.

குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஃபாக்டரியில் ஒரே பிரிவில் வேலை செய்தார்கள். ஒரே சைக்கிளில் போய், அப்புறம் ஒரே ஸ்கூட்டரில் போனார்கள். ஒருவரை ஒருவர் "மாமே" என்றுதான் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் அதிகம் பேசுகிறவர் அல்ல. அவருக்குச் சிநேகிதர் என்று சொல்ல இந்த ஒரு ஆள்தான், இன்றுவரைக்கும். எதிர்வீட்டுக்காரருக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தபோது அவருடைய தையல் மிஷினை நான் வாங்கினேன். லாரி போன பிறகு இவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

இவர் ரிடையர் ஆனதும் வெள்ளானூரில் இந்த ஃபிளாட்டுக்கு வந்தோம். சுற்றிலும் பாதி வயல், பாதி ஃபிளாட். பகலில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. நான் ஷேர் ஆட்டோ பிடித்து ஆவடி போய், ரயிலேறி அம்பத்தூர் போய்விடுவேன். இவர் சோபாவில் சாய்ந்து முகநூலில் பழைய ஆட்களைத் தேடிக்கொண்டிருப்பார். அங்கேதான் ஒருநாள் எதிர்வீட்டுக்காரரின் படத்தோடு ஒரு செய்தி வந்தது. தனக்குத் தெரிந்த ராணுவ அதிகாரி ஒருவருக்கு அவசர மாற்றல், ஃபிரிட்ஜும் வாஷிங் மிஷினும் சோபாவும் சல்லிசாகக் கொடுக்கிறார், எல்லாவற்றையும் நானே நேரில் பார்த்தேன், நல்ல சாமான், உனக்குத்தான் முதலில் சொல்கிறேன் என்று.

வேறு யாராக இருந்தாலும், பார்க்காத சாமானுக்கு எதற்குப் பணம் என்று கேட்டிருப்பார்கள். என் வீட்டுக்காரருக்கு அது தோன்றவே இல்லை. மாற்றல் ஆகிறவர், சொன்ன விலை, முதலில் பணம், லாரி வரும்போது சாமான். இருபத்தைந்து வருடமாக நாங்கள் பண்ணியதுதானே. அந்த அதிகாரி, தான் சீருடையில் இருக்கிற அடையாள அட்டையைப் படமெடுத்து அனுப்பினார். இவர் பணத்தை அனுப்பினார். லாரி வாடகைக்கு ஒருமுறை, கேட் பாஸுக்கு ஒருமுறை, திருப்பித் தரப்போகிற முன்பணம் என்று ஒருமுறை. அதிகாரிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை, பணியில் இருக்கிறேன் என்று எழுதினார். எதிர்வீட்டுக்காரர் ஏற்கெனவே முகநூலில் இவருடைய நண்பராக இருக்கும்போது புதிதாக எதற்கு இன்னொரு நட்பு அழைப்பு அனுப்பினார் என்றும் இவர் யோசிக்கவில்லை.

நான்கு நாள் என்னிடம் மூச்சு விடவில்லை. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சமையலறையில் ஃபிரிட்ஜ் இருந்த இடம் காலியாக இருக்கிறது. தரையில் சதுரமாக அழுக்குக் கோடு.

"பழச இஸ்திரிக்காரருக்குக் குட்த்துட்டேன். புச்சு வருது" என்றார். முகத்தில் அத்தனை சந்தோஷம்.

வரவில்லை. மூன்று மாத பென்ஷன் போனது. அந்தக் கோடையில் தினமும் தயிர் பாக்கெட் வாங்கிவந்து தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டேன். புகார் கொடுக்கப் போனபோது, ஸ்டேஷனில் எழுதிக்கொண்ட ஏட்டு தலையை நிமிர்த்தாமலேயே கேட்டார். "இன்னா சார், பாக்காத சாமானுக்கு யாருனா துட்டு குடுப்பாங்களா?"

"குவார்ட்டர்ஸ்ல அப்டிதான் சார் வாங்குவோம்" என்றார் இவர்.

ஏட்டு அதை எழுதிக்கொள்ளவில்லை. எனக்கு அவர் மேல் வந்த கோபத்தைவிட, பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைகட்டி உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் மேல்தான் கோபம் வந்தது. வெளியே வந்ததும் ரோட்டிலேயே கத்தினேன்.

விஷயம் தெரிந்து எதிர்வீட்டுக்காரர் திருச்சியிலிருந்து போன் செய்தார். அவர் படத்தைத் திருடி யாரோ அவர் பெயரிலேயே கணக்குத் திறந்திருக்கிறார்கள். "மாமே, என் மூஞ்சியப் பாத்துத்தானே குட்த்த? பாதி நான் தர்றேன்" என்று அழாத குறை. இவர் வேண்டாம் என்றுவிட்டார்.

அன்றைக்கு இவர் தன் போனை என்னிடம் கொடுத்தார். "இனிமே நீயே பாரு. எனக்கு இது வேணாம்" என்றார். அதிலிருந்து எங்கள் வீட்டுக் கேட்டில் நான்தான் காவல். புது எண்ணிலிருந்து வருகிற எதையும் நம்புவதில்லை. பழைய எண்ணைக் கூப்பிட்டுச் சரிபார்க்காமல் பதில் சொல்வதில்லை. அவசரம் என்று எழுதியிருந்தால் அதுவே முதல் சந்தேகம். பெங்களூரில் இருக்கிற மகன், இப்போதெல்லாம் ஒருவருடைய குரலைக்கூட மிஷினில் செய்கிறார்கள் என்று சொன்னான். அப்படியானால் குரலையும் நம்புவதற்கில்லை. அந்த ஆளுக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்க வேண்டும். சரியாகச் சொன்னால்தான் மேற்கொண்டு பேச்சு. இதையெல்லாம் அடுக்ககக் குரூப்பில் போட்டேன், பழைய குவார்ட்டர்ஸ் ஆட்கள் இருக்கிற குரூப்பிலும் போட்டேன். கும்பிடு போட்டார்கள், கட்டைவிரல் காட்டினார்கள். அக்காவைக் கேள் என்று ஆனது. உண்மையைச் சொன்னால் ஆரம்பத்தில் அது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இவர் சாப்பிட்டுவிட்டு ஹாலில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளறையில் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவருடைய போனில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி. 'மாமே நான் தான். அவளுக்கு ரொம்ப முடியல. பூந்தமல்லில கீறோம். அவசரமா உன் உதவி வேணும். உடனே பேசு.'

எனக்குச் சிரிப்புதான் வந்தது. புது எண். அவசரம். உடம்பு சரியில்லை. திருச்சியில் இருக்கிறவர் பூந்தமல்லியில் என்ன செய்கிறார்? மாமே என்று எழுதக்கூடத் தெரிந்துகொண்டார்களே என்று நினைத்தேன். என் விதிப்படி எதிர்வீட்டுக்காரரின் பழைய எண்ணைக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. சலானும் சரக்கும் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

அதற்குள் அந்த எண்ணிலிருந்தே அழைப்பு வந்தது. எடுத்தேன். அவர் குரல் மாதிரிதான் இருந்தது, ஆனால் உடைந்து, இரைச்சலுக்கு நடுவில்.

"அம்மா, நான்தாம்மா. அவன்கிட்ட குடும்மா போன."

"அவரு தூங்கறாரு. நீங்க முதல்ல ஒண்ணு சொல்லுங்க. எங்க ஊட்டுல உங்க சாமான் இன்னா கீது?"

"இன்னாமா கேக்கற? இப்ப..."

"சொல்லுங்க. தெரிஞ்சா சொல்லுங்க."

பின்னால் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "கட்டில்" என்றார்.

தையல் மிஷின். நான் காசு எண்ணிக் கொடுத்து வாங்கிய தையல் மிஷின், கண்ணுக்கெதிரே ஜன்னலோரம் இருந்தது. "பொழைக்க வேற வழி பாருப்பா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்த எண்ணைத் தடை செய்தேன். செய்தியைப் படம் எடுத்து, எண் தெரிகிற மாதிரி, இரண்டு குரூப்பிலும் போட்டேன். 'ஜாக்கிரதை. நம்ம பழைய எதிர்வீட்டு அண்ணன் பேர்ல மறுபடி ஏமாத்தறாங்க. குரல்கூட அவர மாதிரியே பண்றாங்க. யாரும் எடுக்காதீங்க, எல்லாருக்கும் அனுப்புங்க.' நிமிடத்தில் கும்பிடுகள் வந்து குவிந்தன. இவர் எழுந்ததும் சொன்னேன். "நல்ல வேள, நீ பாத்த" என்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது. டீ போட்டுக் குடித்தோம்.

இரண்டு நாள் கழித்து, குவார்ட்டர்ஸ் குரூப்பில் எதிர்வீட்டுக்காரர் வெளியேறினார் என்று ஒரு சாம்பல் நிற வரி வந்தது. அவருடைய பழைய எண்தான். அதை இவரிடம் காட்டினேன்.

"அவன் இன்னாத்துக்கு வெளிய போனான்?" என்றார். என் கையிலிருந்து போனை வாங்கி, மேலே தள்ளித் தள்ளி, என் எச்சரிக்கைக்குப் போய்ச் சேர்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தார்.

"இதுல எங்க துட்டு கேட்டுகீறான்?"

நானும் வாங்கிப் படித்தேன். உதவி என்றுதான் இருந்தது. பணம் என்று ஒரு சொல் எங்குமே இல்லை. அது நானாகப் படித்தது.

"பேசவும் பேசனாங்க. நான் கேள்வி கேட்டேனே. தப்பாத்தான் சொன்னாங்க" என்றேன்.

"இன்னா கேட்ட?"

சொன்னேன். கட்டில் என்று அவர் சொன்ன பதிலையும் சொன்னேன். இவர் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"கட்டிலும் அவன் குட்த்ததுதான். லாரியில எடம் இல்லனு குட்த்துட்டுப் போனான். துட்டு வாங்க மாட்டேன்னுட்டான். ஓசின்னா நீ உள்ள உட மாட்டியேனு பின்வரிசை ஊட்டுல துட்டு குட்த்து வாங்கனேன்னு உன்கிட்ட சொன்னேன்."

பதினோரு வருடமாக நான் படுத்து எழுகிற கட்டில் அது. அதில் உட்கார்ந்துதான் அவரிடம் கேட்டேன், அதில் உட்கார்ந்துதான் போனை வைத்தேன்.

இவர் பழைய எண்ணுக்குப் போன் செய்தார். அவர் எடுத்தார். மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று பூந்தமல்லியில் இருக்கிற மகள் வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். வந்த இடத்தில் உள்ளே ரத்தக்கசிவு, உடனே ஆஸ்பத்திரி. கலவரத்தில் போன் கீழே விழுந்து திரை போய்விட்டது, மருமகன் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். அந்த அம்மாவுக்கு ஓ நெகட்டிவ் ரத்தம். என் வீட்டுக்காரருக்கும் அதேதான். ஃபாக்டரியில் யாருக்கு வேண்டுமென்றாலும் இவரைத்தான் தேடி வருவார்கள், எனக்குத் தெரியாததா? என் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு, அவர் கூப்பிட்ட மற்ற பழைய ஆட்களும் போனை எடுக்கவில்லை. மறுநாள் காலையில்தான் மருமகனின் கம்பெனியிலிருந்து யாரோ வந்து ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு ராத்திரி முழுக்க அந்த அம்மா உயிர் ஊசலாடக் கிடந்திருக்கிறார். பிழைத்துக்கொண்டார். அதை நான் செய்த புண்ணியம் என்று சொல்ல முடியாது.

அன்றைக்கே கிளம்பினோம். ஆட்டோவில் இவர் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஆஸ்பத்திரி வராண்டாவில் எதிர்வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஷேவ் செய்யாத முகம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் எதுவும் சொல்வதற்கு முன்னால் அவரே, "உட்காரும்மா. நீ இன்னா பண்ணுவ, காலம் அப்டி கீது. நானா இருந்தாலும் அப்டிதான் பண்ணியிருப்பேன்" என்றார்.

அவர் பண்ணியிருக்க மாட்டார். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வராண்டாக் கடைசியில் இருந்த குழாயடியில் போய் நின்று அழுதேன். திரும்பி வந்தபோது இரண்டு பேரும் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்து ஒரே கப் டீயை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

குரூப்பில் எச்சரிக்கையை அழித்தேன். மன்னிப்பும் கேட்டு எழுதினேன். மன்னிப்பை யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. எச்சரிக்கை மட்டும் ஊரெல்லாம் சுற்றியது. எவனெவனோ கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசியதில் மருமகன் அந்த எண்ணையே மாற்ற வேண்டியதாயிற்று.

போன மாதம் காலையில் காபி டம்ளரைக் கையில் எடுத்தேன், போன் உதறியது. மூன்றாம் மாடிப் பெண். திருமுல்லைவாயிலில் அவளுடைய சித்தி யாரிடமிருந்தோ வாங்கி அனுப்பியதாம். பலமுறை பகிரப்பட்டது என்று மேலே குறி. படத்தில் அதே எண், அதே செய்தி, கீழே நான் எழுதிய அதே ஜாக்கிரதை. "இது நிஜமா அக்கா?"

'நி' என்று தட்டினேன். போன் மீதியைப் போட வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதினேன். அதில் உதவி கேட்டவர் நிஜமான ஆள், எச்சரிக்கைதான் பொய், அதை எழுதியது நான் என்று. அனுப்பிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டைவிரல் வந்தது. அவள் முழுதாகப் படித்தாளா என்று தெரியவில்லை. ஐந்து நிமிடத்தில் முதல் மாடிப் பெரியவர் ஒரு லாட்டரிப் படத்தை அனுப்பினார்.

எதிர்வீட்டுக்காரர் இப்போதெல்லாம் எதையும் எழுதி அனுப்புவதில்லை. கூப்பிடத்தான் செய்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது இவர் குளித்துக்கொண்டிருந்தார். பழைய எண், அவருடைய படம், அவருடைய குரல். நான் எடுத்து ஹலோ சொன்னதும், "கட்டில் பேசறேன்மா" என்றார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே அப்படிச் சொன்னால்தான் நான் பேசுவேன் என்று நினைத்தாரா, எனக்குப் புரியவில்லை.

"தெரியும்ணா" என்றேன். "சொல்லுங்க."